நூரிஸின் கெண்டைக்கால்

ஜூன் 4

காலையில் கூரை ஒழுகலை அடைத்தேன். மத்தியானம் என் மனைவி நூரிஸ் சோளமாவு மூட்டையோடு மோட்டார்சைக்கிள் டாக்சியில் வந்தாள். இறங்கும்போது கெண்டைக்கால் சைலன்சரில் பட்டுவிட்டது. ஒரு முட்டை அளவுக்குச் சிவந்திருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து என் தங்கை எடில்மா ஓடிவந்து பற்பசையைத் தடவினாள்.

"காலுக்குப் பல்லு முளைச்சிருக்குன்னு யாருடி சொன்னா உனக்கு?" என்று நூரிஸ் சிரித்தாள். சாயங்காலம் வழக்கம்போல் தெருமுனையில் சட்டியை ஏற்றி, முட்டை வைத்த அரேப்பா என்னும் சோள அடையைப் பொரித்து விற்கப் போய்விட்டாள்.

ஜூன் 19

கொப்புளம் உடைந்த இடம் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. எடில்மா நேற்று வெல்லத்தைச் சுரண்டி வைத்துக் கட்டினாள். சதை வளருமாம். விடிந்து பார்த்தால் படுக்கையில் எறும்பு வரிசை. நூரிஸ் திட்டிய திட்டு சியேனகா ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஜூன் 27

சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். நர்ஸ் யானெத் கண்டிப்பான பெண். விரலில் குத்திப் பார்த்தாள். சுகர் மிக அதிகம். எத்தனை காலமாக இருக்கிறதோ, எங்களுக்குத் தெரியாது.

"மாத்திரை போடணும், தினமும் கட்டு மாத்தணும், காலைத் தூக்கி வெச்சு உக்காரணும். நின்னுக்கிட்டே இருந்தா இது ஆறாது, நூரிஸம்மா."

நூரிஸ் தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் கேட்கப்போவதில்லை என்று அர்த்தம்.

கட்டு மாற்றும் வேலை எனக்கு. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய கை. காஸ் துணி இந்த விரல்களில் நிற்கமாட்டேன் என்கிறது.

ஜூலை 2

ஒட்டிப்போன துணியை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஊறவைத்து எடுத்தேன். கொஞ்சம் சதையும் கூடவே வந்தது. அவள் கத்தவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது.

"யோவ், ஹேண்ட் பிரேக் இழுக்கிற மாதிரி இழுக்காதய்யா."

கண் இருட்டிக்கொண்டு வந்தது எனக்குத்தான்.

ஜூலை 9

புண்ணில் வாடை. அவளுக்குத் தெரியக் கூடாதென்று, வெக்கை என்று சொல்லி ஜன்னலைத் திறந்தேன். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஜூலை 16, கார்மென் மாதா திருநாள்

டிரைவர்களுக்குக் காவல் கார்மென் மாதாதான். பஸ்கள் எல்லாம் பூவும் பலூனும் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்வலம் போயின. நான் ஓட்டிய காலத்தில் முதல் வரிசையில் போவேன். இன்று ஓரமாக நின்று மாதாவிடம் கேட்டேன். எதை நேர்ந்துகொள்வது என்று தெரியவில்லை. வெறுமனே கேட்டேன்.

திரும்பி வந்தால் நூரிஸ் சட்டி முன்னால் நிற்கிறாள். திருநாள் கூட்டம். கட்டு நனைந்து கணுக்கால் வரை வடிந்திருக்கிறது.

"உக்காரு நூரிஸ். தயவுசெஞ்சு உக்காரு."

"நான் உக்காந்தா யாரு பொரிப்பா? நீயா? நீ வெந்நீர் வெச்சாலே தீயும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூலை 18

சட்டியை எடில்மா வீட்டில் ஒளித்துவைத்தேன். சட்டி எங்கே என்று நூரிஸ் கேட்கக்கூட இல்லை. எதிர்வீட்டில் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 20

பேச்சு நின்றுவிட்டது. கட்டு மாற்ற மட்டும் காலை நீட்டுகிறாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு. புண்ணோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 29

காய்ச்சல். சாந்தா மார்த்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கருத்த சதையை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் என்னை வெளியே அழைத்தார். எலும்பு வரை போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரலாம் என்றார்.

தினமும் கழுவினேனே. தினமும்தானே கழுவினேன். தண்ணியச் சரியாக் காய்ச்சலையா? கையில அழுக்கா? எதுல தப்பு பண்ணேன் — தெரியல. ஒண்ணுமே தெரியல எனக்கு.

ஆகஸ்ட் 6

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எலும்பைத் தொடவில்லை, ஆனால் குழி ஆழம்.

பாரன்கியா நகரத்தில் செருப்புக் கடையில் வேலைபார்க்கும் மகள் லெய்டிஸ் வந்தாள். நேராகப் புண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன்னால முடியலப்பா. அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். நூரிஸ் மறுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் துணிமணிகளை எடுத்துவைக்கச் சொன்னாள்.

ஆகஸ்ட் 7

போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 25

நூரிஸ் போனில் பேசினாள். லெய்டிஸ் இருப்பது நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. இறங்கவும் முடியாது, பொரிக்கவும் வழியில்லை. காலைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாளாம்.

"ஓரத்துல சிவப்பாச் சதை வருதாம்" என்றாள், யாரோ ஒருத்தியின் காலைப் பற்றிச் சொல்வதுபோல்.

சந்தோஷப்பட்டேன். ஆனால் நான் கழுவியபோது வராத சதை — சீ, என்ன எழுதுகிறேன்.

செப்டம்பர் 22

புண் மூடிவிட்டதாம். "எப்ப வர்றே?" என்று கேட்டேன்.

"வந்தா நிப்பேன், எலாதியோ. அந்த முனையப் பாத்தா என்னால உக்கார முடியாது. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

"அப்ப நான்?"

"இங்க வான்னு நான் எப்படிய்யா சொல்லுவேன்? நீ பொறந்த வீடு அது."

வெகு நேரம் போனை இருவரும் வைக்கவில்லை.

அக்டோபர் 3

வீட்டுச் சாவியை எடில்மாவிடம் கொடுத்தேன். அழுதாள். "அந்த மாடியில நீ என்னண்ணா செய்வே?"

தெரியாது என்றேன். பொய்யில்லை.

அக்டோபர் 5, பாரன்கியா

நாலு மாடி ஏறுவதற்குள் மூச்சு முட்டியது. நூரிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், கால் ஸ்டூலின்மேல். இளைத்திருக்கிறாள். புண் இருந்த இடம் வெங்காயத்தோல்போல் மெல்லிசாகப் பளபளக்கிறது. தினமும் எண்ணெய் தடவ வேண்டுமாம். லெய்டிஸ் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாட்டிலை என்னிடம் நீட்டிவிட்டுப் போனாள்.

காலை மடியில் வைத்துத் தடவினேன். அழுத்தப் பயம். கீழே தெருவில் யாரோ எதையோ பொரிக்கிறார்கள். வாசனை நாலு மாடி ஏறி வந்தது. நூரிஸ் நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"எண்ணெய் காயறதுக்குள்ள போட்டுட்டா. அவசரக்காரி."

எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். கால் என் மடியிலேயே இருந்தது.