பனி உருகாது என்றொரு தீர்மானம்

வட்டகொடை,
2024 ஜூன் 3

அன்பு மகள் பூரணிக்கு அப்பா எழுதுவது.

நீ ரஷ்ய மொழியிலிருந்து தமிழாக்கி அனுப்பிய கதை கிடைத்தது. அதனால் எனக்கு வந்த வெட்கக்கேட்டைக் கேள். முதல் பக்கத்திலேயே ஒரு கமிட்டித் தலைவர் வருகிறாரே, எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "நம்ம மாதிரி ஆளுய்யா!" என்று அழகுமுத்து கடையில் சத்தமாக வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில்தான் அந்த ஆள் முழு முட்டாள் என்று தெரிந்தது. நிறுத்தவும் விடவில்லை. "வாசிங்க தலைவரே, உங்கள நேர்ல பாக்கிற மாதிரியே இருக்கு" என்கிறான் அழகுமுத்து.

ஆற்றுப் பனி இளகுது, அதன்மேல் ஊர்வலம் வேண்டாம் என்கிறார் விஞ்ஞானி. மே தினம் வரைக்கும் பனி உருகாது என்று கமிட்டி கைதூக்கித் தீர்மானம் போடுகிறது. வெப்பமானியைத் துரோகி என்று பெட்டியில் பூட்டுகிறார்கள்! வயிறு வலிக்கச் சிரித்தோம். பஸ் வந்துவிட்டதால் கடைசிப் பக்கம் பாக்கி.

மற்றபடி நலம். நம்ம லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருக்கிறது, பன்னிரண்டு வீடும் காலி பண்ணணும் என்று ஆபிசர் மாத்தயா சொல்லிப் போனார். போனால் தோட்டத்தில் திரும்ப விடமாட்டார்கள் என்று சனங்களுக்குப் பயம். கமிட்டி கூடிக் கைதூக்கினோம். ஒன்பதுக்கு மூன்று. மலை சரியாது.

அப்பா நல்லமுத்து

கொழும்பு,
2024 ஜூன் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

கடைசிப் பக்கத்தை இப்பவே வாசிங்க. ஊர்வலம் பனியில இறங்குது. கொடி பிடிச்சு முன்னால போறது தலைவர்தான். அடுத்த கமிட்டிக் கூட்டத்துல கைதூக்க ஆளில்லை.

உங்க கடிதத்துலயும் நீங்க எதைச் சிரிச்சு எழுதியிருக்கீங்க, எதை ஒரு வரியில முடிச்சிருக்கீங்கன்னு பாருங்கப்பா. அந்த மூணு கையில அம்மா கை இருந்துச்சா? யார் என்ன சொன்னாலும் சரி, இறங்கிப் போயிருங்க.

பூரணி

வட்டகொடை,
2024 ஜூன் 16

அன்பு மகளுக்கு,

மூன்றில் ஒரு கை உங்கம்மாவுடையதுதான். நீ எழுதியதைக் காட்டினேன். "ரஷ்யாக்காரன் சொன்னாத்தான் ஒங்களுக்கு ஏறும்" என்றாள்.

கமிட்டியை மறுபடி கூட்டி, "அன்னைக்கி மொதல்ல தூக்கின கை என்னுது. அதைக் கீழ போடுறேன்" என்றேன்.

"அப்ப இனிமே மலை சரியலாம்னு தீர்மானமா?" என்று கேட்டார் சண்முகவடிவு அக்கா.

"மலைக்கு நம்ம தீர்மானம் வேணாம் அக்கா. நமக்குத்தான் ஒரு எடம் வேணும்."

திரும்ப விடுவோம் என்று தோட்டத்துத் துரையிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் இறங்கினோம். இப்போது பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூட மண்டபத்தில். ஒரே அடுப்பு, ஒரே சிரிப்பு. அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை.

ஐந்து நாளாய் அடைமழை. மலை அசையவில்லை. "என்ன தலைவரே, மலை எத்தன மணிக்கி வருது? டிக்கெட் எடுக்கணுமா?" என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கேலி. நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஒன்று மட்டும் உனக்கு எழுதுகிறேன். தினமும் காலையில் எழுந்ததும் மேலே பார்க்கிறேன். காலி லயம் முழுசாக நிற்கிறது. 'அடச்சே, இன்னும் சரியலையே' என்கிறது மனசு. அதை நான் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா