மருமகள் கொட்டாத குமிஸ்

அன்பு மகன் தாலாய்பெக்குக்கு,

நாரின் நகர ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து உன் அப்பா எழுதுகிறேன். மூச்சு இப்போது சீராக வருகிறது. கால் வீக்கம் வடிந்து பூட்ஸ் மறுபடி நுழைகிறது. சாரத்தில் ஏறி வேலை செய்கிறவன் நீ, என்னை நினைத்துக்கொண்டு கால் தடுமாறிவிடாதே. மாட்டுக்குக் குளிர்காலத்துக்கு வேண்டிய வைக்கோலை உன் சித்தப்பா கொண்டுவந்து போட்டுவிட்டான்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். இந்த வார்டில் எட்டுக் கட்டில், பதினாறு காது. பக்கத்துக் கட்டில்காரர் மகன் நீ வேலை செய்யும் ஊருக்கு லாரி ஓட்டிக்கொண்டு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

போன வாரம் நீ உன் பெண்டாட்டி சைக்காலைப் போனில் திட்டினாயாம். "நர்ஸ் வேலை பாக்குறவளுக்கு, வீட்ல இருக்குற ஒரு கிழவனுக்கு ஒழுங்கா மாத்திரை குடுக்கத் தெரியலையா?" என்று கேட்டாயாம். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சித்தப்பா நேற்று வந்து சொன்னான். நான் இங்கே வந்து படுத்த நாளிலிருந்து ஊரும் அவளைத்தான் ஏசுகிறது. டேய், அந்தப் பெண் மேல் ஒரு துளி தப்புக் கிடையாது. தப்பெல்லாம் என்னுடையது. எழுதவே கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

கோடையில் இதயத்துக்கு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தாரே ஒரு மாத்திரை, அது உடம்பில் தேங்குகிற நீரை வெளியேற்றுவது. சைக்கால் தினமும் காலைத் தேநீரோடு ஒன்று எடுத்து வைப்பாள். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் ஓட ஆரம்பிப்பேன். ஓடி வந்து உட்கார்ந்தால் மறுபடி ஓட்டம். எழுந்தால் தலை சுற்றும், படுத்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அவள் தலையைக் குனிந்துகொண்டே, "மாத்திரையால ஏதாவது தொந்தரவு இருக்கா மாமா?" என்று கேட்டாள். நான் "டீயை ஊத்தும்மா" என்றேன். மருமகளிடம் போய் மாமனார் மூத்திரத்தைப் பற்றிப் பேசுவதா? உன் அம்மா இருந்திருந்தால் அவள் காதில் போட்டிருப்பேன், அவள் பக்குவமாகச் சொல்லியிருப்பாள்.

அப்புறம் நம் ஊர் சமுதினின் பேரன் நடக்க ஆரம்பித்ததற்கு, காலில் கயிறு கட்டி அறுக்கும் விருந்து வந்தது. என்னைக் கூடாரத்தின் உள்கடைசியில், தலை இடத்தில் உட்கார வைத்தார்கள். வாசலிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு மரியாதை நம் ஊரில். அன்று பார்த்து மாத்திரையைக் கிளம்பும்போதுதான் விழுங்கியிருந்தேன். இறைச்சி வரும்போதே முட்டிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கலாம் என்றால், அதற்குள் எல்லோரும் கையேந்தி உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைக்கு ஆசி சொல்ல வேண்டிய பெரியவன் நான்தானே. பாதி ஆசியில் அடக்க முடியாமல் போய்விட்டது, மகனே. கால்சட்டை நனைந்துவிட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் இருந்த புளித்த குதிரைப்பால் குமிஸ் கிண்ணத்தைத் தட்டி மடியில் கவிழ்த்துக்கொண்டேன். எல்லோரும் திரும்புவதற்குள், கிண்ணம் எடுக்க என் பக்கத்தில் குனிந்திருந்த சைக்கால், "மன்னிச்சுக்கோங்க மாமா, என் கை பட்டுக் கொட்டிடுச்சு" என்று சொல்லித் தன் சால்வையை என் மடியில் போட்டு மூடினாள். நர்ஸ் அல்லவா, பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சமுதின் பெண்டாட்டி சும்மா விடுவாளா? "ஆசி சொல்லும்போது குதிரைப்பாலைக் கொட்டுறாளே, பச்சப்புள்ளைக்கு ஆகுமா? இவ கையாலதான் நாமெல்லாம் ஊசி போட்டுக்குறோம்" என்று அத்தனை பேர் நடுவில் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினாள். நான் சால்வையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டியது நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மாத்திரையை நாக்கடியில் வைத்திருந்து, அவள் அந்தப் பக்கம் போனதும் அடுப்பில் துப்பினேன். ஓட்டம் நின்றது. அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நாளில் கால் தூண் மாதிரி வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்கினேன். அதையும் மறைத்தேன். என்னால் பூட்ஸ் போட முடியவில்லை என்பதைக் கவனித்து, வண்டி பிடித்து, இங்கே கொண்டுவந்து சேர்த்தது சைக்கால்தான். மாத்திரை தவறாமல் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். கொடுத்தேன் என்றாள். யாரும் நம்பவில்லை. நான் தூங்குகிறவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். விருந்தில் நடந்ததைவிட இதுதான் இப்போது என்னைக் கொல்கிறது.

அவள் போய்விட்டாள் என்று கேட்டதும், டாக்டரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் என் தோளில் கை வைத்து, "பெரியவரே, அந்த மாத்திரையோட வேலையே அதுதான். கஷ்டமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவையும் நேரத்தையும் மாத்திக் குடுத்திருப்பேனே. நீங்களா நிறுத்துனதுதான் உங்க உயிர் வரைக்கும் வந்துடுச்சு" என்றார். தலை சுற்றினதும் கால் இழுத்ததும்கூட மாத்திரையால் வரக்கூடியவைதானாம். ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் குறைத்திருக்கிறார். வெளியே போகிற நாளில் எப்போது விழுங்கவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு பெண்ணின் மானத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டேன்.

நீ முதலில் அவளுக்குப் போன் செய். திட்டியதற்கு மன்னிப்புக் கேள். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. எனக்கு வெட்கமாக இருக்கும் என்று எதையும் மறைக்காதே.

வெள்ளிக்கிழமை என்னை விடுகிறார்கள். முதல் வேலையாகச் சமுதின் வீட்டுக்குப் போய் அவன் பெண்டாட்டியிடம் நடந்ததைச் சொல்வேன். அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அங்கிருந்து நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போவேன். மருமகளை அழைக்க மாமனார் போய் நிற்கும் வழக்கம் நம்மிடம் இல்லை என்று உன் சித்தப்பா குதிக்கிறான். குதிக்கட்டும். அவள் வரமாட்டேன் என்றால் நீ அவளை ஒன்றும் சொல்லக் கூடாது, கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

வந்தால் அவளிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். அடுத்த விருந்துக்குக் கிளம்பும்போது, வாசலில் யார் நின்றாலும் சரி, "மாமா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?" என்று என்னைச் சத்தமாகக் கேட்கட்டும். நான் பதில் சொல்கிறேன்.

கடவுள் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். அவளையும்.

தலைகுனிந்து எழுதும் உன் அப்பா,
கெரிம்குல்