மாமாவுக்குப் பல்செட் வேண்டாம்

என்னங்க,

இட்லி மூடி வைத்திருக்கிறேன். நேற்றைய மீன்குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் மாமாவைத் தோப்பும்படியில் இருக்கும் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஓணத்துக்கு முன்னால் நீங்கள், "இந்த வயசுல பல்லைக் காப்பாத்தி என்ன செய்யப் போறீங்க? எல்லாத்தையும் பிடுங்கிட்டு செட்டு வச்சிருங்க" என்றீர்களே, அன்று அவர் பாதிச் சோற்றில் எழுந்து போனார். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. மறுநாளே புகையிலையை விட்டார். எரிந்து விழுவார், ஆனாலும் தொடவில்லை. இரவு நீங்கள் ஹார்பர் வேலைக்குக் கிளம்பியதும் கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பார். உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

ஈறு நன்றாக இறுகிவிட்டதாம். "இனி பல்லு ஒண்ணும் எடுக்கண்டா" என்று மலையாளத்தில் சொன்னார் டாக்டர், ஒரு பல்லும் எடுக்க வேண்டாமாம். மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிய மிடுக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பஸ்ஸை விட்டு இறங்கிக் கொச்சங்காடி வீட்டுக்கு வந்து சேரும்வரை, தெரிந்தவர்களிடமெல்லாம் "அம்புட்டும் என் சொந்தப் பல்லுதாம்" என்று சிரித்துக் காட்டினார். பக்கத்தில் நடந்த எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அவர் எழுந்ததும் நீங்களே பேச்சை எடுங்கள். முதலில் பேசினால் குறைந்துபோக மாட்டீர்கள்.

செல்வி

மறந்துவிட்டேன், குழாயடியில் இருக்கும் பச்சை பிரஷ் உங்களுக்கு. மாமா வாங்கினார். "பல்லு தேய்க்கையில அவனுக்கு ரத்தம் வருது, பாத்தேன். நான் சொன்னா கோவப்படுவான். நீ குடும்மா" என்றார்.