பந்து போன பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுக்கும் நர்ஸம்மா நீ தூங்குவதாகச் சொல்கிறார். காலையில் கேட்டாலும் தூக்கம், சாயங்காலம் கேட்டாலும் தூக்கம். அதனால்தான் கடிதம். புதுக் காலுக்கு அளவெடுத்தாகிவிட்டது, அடுத்த வாரம் மாட்டி நடக்க விடுவார்கள் என்றும் அவரே சொன்னார். முட்டிக்குக் கீழே காலை எடுத்த புண் முழுக்க ஆறிவிட்டதா?

அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். வாசலில் கிடந்த உன் பூட்ஸைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன். மறுநாளே பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

நீ ஆஸ்பத்திரிக்கு உன் வீடியோ கேம் பெட்டியை எடுத்துப் போனதும் நானும் ஒன்று வாங்கினேன், பழையதுதான். என்னோடு பேசாவிட்டாலும் ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு இன்டர்நெட் வழியாக அதில் வந்து என்கூட ஃபுட்பால் ஆடினாய். அந்த ஒரு மணி நேரத்துக்காக, தினமும் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்ததும் பிராக்டிஸ் மோடில் உட்கார்ந்துவிடுவேன். அதில் ஸ்கோர் கிடையாது, நடுவர் கிடையாது. ஒரே அடியை நூறு தடவை அடித்துப் பார்க்கலாம். பாஸ், கார்னர், பெனால்டி எல்லாம் பழகினேன். ஸ்பேனர் பிடித்த விரல் பட்டனுக்கு வளைவேனா என்றது. பொம்மையோடு மல்லுக்கட்டும் மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று உன் அண்ணி சிரித்தாள்.

அப்படியும் ஆறு கோல், ஏழு கோல் என்று தோற்றேன். போன ஞாயிறு ஹெட்போனில் உன் குரல் வந்தது. நாலு மாதத்தில் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"நான் வந்தா எதுக்கு விலகி வழி விடுறே? பாவம் பாத்து ஆடுறதா இருந்தா என்கூட ஆடவே வேணாம்ணே."

அதோடு அணைத்துவிட்டுப் போனாய்.

நீ சொன்னது சரி. எல்லாம் பழகியவன் பந்தைப் பறிப்பதை மட்டும் பழகவில்லை. இந்த வாரம் அதைத்தான் பழகினேன். கம்ப்யூட்டர் ஆளை எதிரே ஓடிவர வைத்துச் சறுக்கிக் காலை நீட்டினேன். நேரத்துக்கு அழுத்தினால் பந்து கிடைக்கிறது. பந்து தாண்டிய பிறகு அழுத்தினால் எதிராளியின் கால்தான் கிடைக்கிறது. அவன் விழுகிறான், புரள்கிறான், எழுந்து திரும்ப ஓடி வருகிறான். முதல் தடவை அவன் எழுந்ததைப் பார்த்ததும் ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

தம்பி, அன்றைக்கு நாம் ஆடிய மைதானம் ஈரம், வழுக்கி உன்மேல் விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடமும் டாக்டரிடமும் சொன்னேன். நீயும் மறுத்துப் பேசவில்லை. ஈரம் இருந்தது. ஆனால் நான் வழுக்கவில்லை. மூன்றாவது தடவையாக நீ என்னைத் தாண்டினாய், பார்த்தவர்கள் சிரித்தார்கள். பந்து போய்விட்டது என்று தெரிந்தேதான் காலை நீட்டினேன்.

நேற்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். உன் பூட்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

புதுக் கால் உனக்கு வலிக்காமல் பழகட்டும். ஞாயிறு ஐந்து மணிக்கு உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை வழி விட மாட்டேன், பந்தைப் பார்த்துத்தான் வருவேன். திட்டு, எத்தனை கோல் வேண்டுமானாலும் போடு. வராமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அண்ணன்