ஒரு காலில் இறங்குகிறவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் குழுவில் யார் காதிலாவது விழும். அதனால்தான் கடிதம்.

எங்கள் நடனக் குழு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மாணவர்களுக்கு வகுப்பு நடத்துவது உனக்குத் தெரியும். கூடைப்பந்து ஆடுகிற உள்ளரங்கில்தான் பயிற்சி. நடனத்தையே பார்த்திராத பிள்ளைகள். முதல் வாரம் மூட்டை சரிந்த மாதிரி தொப்பு தொப்பென்று விழுந்தார்கள். நெடுநெடுவென்று ஒருவன், அவனுக்கு ஏணி என்று பெயர் வைத்தோம். கணிதம் படிக்கிற பெண் ஒருத்தி, எதற்கும் கேள்வி கேட்பாள். அவள் கணக்கு.

வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, இனியும் குதித்தால் நடப்பதே சிரமம் என்று டாக்டர் சொன்னதை உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். குதித்தால் இடது காலில்தான் இறங்குவேன். கணக்கு அதைக் கவனித்துவிட்டாள். "சார், வலிக்குதா?" என்று கேட்டாள். "வலியா? அது ஸ்டைலும்மா" என்று சிரித்து மழுப்பினேன். மறுநாள் வகுப்புக்குப் போனால், அத்தனை பேரும் ஒற்றைக் காலில் இறங்குகிறார்கள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் குழுவை நடத்துகிற மாஸ்டர் பார்த்துவிட்டு, "அடடா, இது நல்லாருக்கே! அப்படியே வெச்சுக்கலாம்" என்றார். பிள்ளைகளோடு மேடையேற்ற இருந்த நாட்டியத்தின் உச்சமே அதுதான் என்றாகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை அரங்கேற்றினோம். குழுவை விட்டு விலகுகிறேன் என்று அன்றைக்கே மாஸ்டரிடம் சொல்லிவிட நினைத்தேன். மாஸ்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே என் தோளில் கை போட்டு, "எதுவா இருந்தாலும் முடிஞ்சதும் பேசலாம்டா, போ" என்றார். போனேன்.

முடிந்ததும் துணைவேந்தர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். இன்னும் மூன்று வருடம் குழுவோடு சேர்ந்து இந்த வகுப்பை நடத்துவார்களாம், ஒரே நிபந்தனையாம்: மாணவர்களுக்கு நான்தான் வேண்டுமாம். பிள்ளைகள் கூரை பிய்ந்துவிடுகிற மாதிரி கத்தினார்கள். மாஸ்டர் மைக்கிலேயே, "என்னப்பா, சரிதானே?" என்றார்.

திரைக்குப் பக்கத்தில் எங்கள் குழு ஆட்கள் நின்றார்கள். லைட் போடுகிற அண்ணன், பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு ஆடத் திரும்பி வந்திருக்கிற ஒரு பெண், எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். வெளி அரங்குகளில் காலி நாற்காலிக்கு ஆடிக்கொண்டிருந்தோம் அக்கா. இந்தப் பல்கலைக்கழகமும் போனால் குழுவைக் கலைக்க வேண்டியதுதான்.

நான் கையைக் கூப்பிக் குனிந்தேன். வேறென்ன செய்வது? அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் கைதட்டினார்கள்.

உடை மாற்றும் அறையில் ஷூவைக் கழற்றக் குனிய முடியவில்லை. ஏணிதான் மண்டிபோட்டு நாடாவை அவிழ்த்தான். "அடுத்த வருஷம் இன்னும் உயரமா குதிக்கலாம் சார்" என்றான். அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. கணக்கு வாசலில் நின்று, "நீங்க இல்லேன்னா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன் சார்" என்று கண்கலங்கினாள். நல்ல பிள்ளைகள். கெட்டவர்களாக இருந்திருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பேன்.

அடுத்த வாரம் பல்கலைக்கழக ஒப்பந்தத்தில் கையெழுத்து. இரண்டு முறை மாஸ்டர் அறை வாசல்வரை போய்விட்டு, தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி திரும்பிவிட்டேன். நான் வாயைத் திறந்தால் அவர் தோளில் கை போடுவார், நானும் தலையாட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பதினாறு வயதில் என்னை நம் வீட்டிலிருந்து கூட்டிப்போனபோது அவர் உன்னிடம்தான் கேட்டார். நீதான் சரி என்றாய். நாற்பது வயதில் இப்படிக் கேட்கிறானே என்று சிரிக்காதே. கையெழுத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போடு. டாக்டர், வலி என்றெல்லாம் எதுவும் சொல்ல வேண்டாம். எங்கள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள் என்று மட்டும் கேள், அக்கா.

நீ அவருக்குப் போடும் போனுக்காகக் காத்திருக்கும்,
தம்பி