தினம் எண்பத்துநாலு கிலோமீட்டர்

14.8.2025, வியாழன்

இன்றைக்கும் ஆமென் தப்பு.

காலை ஆறு ஐம்பது. வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓடவிட்டுக்கொண்டே ஜெபம் பண்ணினேன். இந்தப் பழைய டீசல் வண்டி 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கி எழுந்ததிலிருந்து, அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது அதன் இஷ்டம். அதனால் எங்கள் வீட்டில் முதலில் எஞ்சின், பிறகு ஜெபம். கியர் கம்பி கிடுகிடுவென்று ஆடியது. ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "வழியில் ஒரு தீங்கும் வராமல் காத்தருளும், என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு" என்று ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டிலிருந்து இவர், "ஆமென்."

பாதி ஜெபத்தில் ஆமென். நேற்று நேர்மாறு. நான் முடித்து, கண்ணைத் திறந்து, கியரைப் போட்ட பிறகு சாவகாசமாக வந்தது. கேட்டால் சிரிக்கிறார். முப்பது வருசம் என்னோடு குடும்பம் நடத்திய மனுசன் ஜெபத்தைக் கிண்டல் பண்ணுகிற ஆள் இல்லை. பிறகு ஏன் இப்படி?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி போன வருசம் ரிட்டயர் ஆனார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தினமும் என்னோடு நாசரேத்துக்கு வருகிறார். நான் பள்ளியில் கணக்கு நடத்த, இவர் தன் அண்ணன் ராஜதுரையின் இரும்புக் கடையில் உட்கார்ந்திருப்பார். மாலையில் சேர்ந்து திரும்புவோம். போக நாற்பத்திரண்டு, வர நாற்பத்திரண்டு. அத்தனை தூரமும் நான் பேசுவேன், இவர் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார். வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வாய் ஓயாமல் பேசுகிற ஆள், காரில் ஏறினால் கல்.

18.8.2025

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு நாலு பக்கத் தாளை என் முன்னால் வைத்தார். மின்சாரக் கார் வாங்க வேண்டுமாம். அண்ணன் மகன் ஷாம் ஒன்று வாங்கியிருக்கிறான். போன மாதம் அதில் சாத்தான்குளம் கல்யாணத்துக்குப் போய்வந்ததிலிருந்து இந்தப் பேய் பிடித்திருக்கிறது.

விலை பதினான்கு லட்சம். சின்ன பெட்ரோல் கார் எட்டுக்குக் கிடைக்கும். ஆறு லட்சம் கூடுதல். எரிபொருளில் வருசத்துக்கு ஒரு லட்சம் மிச்சமாகுமாம், ஆறே வருசத்தில் போட்டது வந்துவிடுமாம். கையெழுத்து மணி மணியாக இருந்தது. கணக்குதான் அப்படி இல்லை.

சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன், கை பழக்கம். வீட்டுக் கரண்டில் சார்ஜ் போட்டால் ரெண்டு மாச பில் எங்கே போய் நிற்கும்? யூனிட் கூடக் கூட விலை ஏறுமே, அதை எங்கே எழுதியிருக்கிறார்? அடுத்தது, எனக்கு இன்னும் மூன்று வருசம்தான் சர்வீஸ். அதற்கப்புறம் இந்த எண்பத்துநாலு கிலோமீட்டரை யார் ஓட்டுவது? கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டி மிச்சம் பிடிக்க வேண்டுமானால் எங்கள் இரண்டு பேருக்கும் நூற்றிருபது வயசு ஆயுசு வேண்டும். மூன்றாவது, வெள்ளம். டீசல் வண்டி மூழ்கியதற்கே இந்தப் பாடு.

"நூத்துக்கு முப்பது" என்று போட்டுக் கொடுத்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

19.8.2025

மறுபடி திருத்தி எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நூற்றுக்கு முப்பத்தைந்து.

27.8.2025

கரண்ட் பில், பேட்டரி வாரண்டி, வழியில் சார்ஜ் போடுகிற இடங்கள் என்று தினம் ஒரு காரணம். ஊருக்கு வெளியே மின்சாரக் கார் ஆலையே வந்துவிட்டதாம், நாம் மட்டும் டீசலைக் கட்டிக்கொண்டு அழுகிறோமாம். இவர் ரிட்டயர்மென்ட் பணத்தில் கையில் மிச்சம் இருப்பதே அந்த வங்கி டெபாசிட்தான். அதை உடைத்துவிட்டு நாளைக்கு உடம்புக்கு ஒன்று என்றால்? யார் முன்னால் போய் நிற்பது?

இவ்வளவு நாளில் எதற்கும் பிடிவாதம் பிடிக்காத மனுசன். கட்டின நாளில் கூட புடவை நிறத்தை என் இஷ்டத்துக்கு விட்டவர். இப்போது ஒரு கார் மேல் இத்தனை ஆசையா? அதை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

6.9.2025, சனி

சரி, ஓட்டிப் பார்த்தாவது ஆசையைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஷோரூமுக்குப் போனோம். நான் ஓட்ட, இவர் பக்கத்தில், விற்பனைப் பிரிவில் வேலை செய்யும் ரம்யா என்ற பெண் பின்னால். ஸ்டார்ட் ஆனதே தெரியவில்லை. ஆகவில்லை என்று நினைத்து இரண்டு தரம் பொத்தானை அமுக்கி அந்தப் பெண்ணைப் பதற வைத்தேன்.

ரம்யாவுக்கு மெல்லிய குரல். பேட்டரிக்கு எட்டு வருசம் என்றாள். இவர் உடனே, மழைத்தண்ணி எவ்வளவு உயரம் வரை தாங்கும் என்றார். அவள் ஒன்று சொல்ல இவர் ஒன்று கேட்க, மாப்பிள்ளை மாதிரி பேச்சு. திரும்பி எங்கள் வண்டியில் ஏறினோம். "வண்டி எப்படி?" என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஊரில் உள்ளவளோடெல்லாம் பேசத் தெரியுது, பெண்டாட்டி கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டையா? இருக்கட்டும். நானும் பேசப்போவதில்லை.

7.9.2025

பேசவில்லை. கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை இல்லை. இவருக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

தெரியவில்லையா? ஏன் தெரியவில்லை?

8.9.2025, திங்கள்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மாலையில் திரும்பும்போது பழையகாயல் தாண்டி, உப்பளம் ஆரம்பிக்கிற இடம். மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்தானே நான். சும்மா ஒரு பொய்யாக, சாதாரணக் குரலில், "ராஜதுரை அத்தான் கடையை வித்துட்டு மதுரைக்குப் போறாகளாம்" என்றேன். இவர் உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அதே குரலில் அதையே மறுபடி சொன்னேன்.

பதறித் திரும்பினார். "என்னது? யாரு சொன்னா? மத்தியானம் வரைக்கும் எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலியே."

எத்தன நாளா இப்படி, எத்தன நாளா எங்கிட்ட மறைச்சீக என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ரெண்டு வருசம் இருக்குமாம். வீட்டில் பிரச்சினை இல்லையாம், முகத்தைப் பார்த்துப் பேசினால் கேட்டுவிடுமாம். ஆனால் எஞ்சின் ஓட ஆரம்பித்தால் என் குரல் அதற்குள்ளே போய்விடுமாம். கிரேன் காபினில் முப்பத்துநாலு வருசம் இருந்த காது. ஆமென்? என் கை கியருக்குப் போனால் ஜெபம் முடிந்தது என்று கணக்கு வைத்திருக்கிறார். நான் நடுவிலே கியரைப் பிடித்த நாளெல்லாம் அவர் பாவம் மாட்டிக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்றேன். எனக்கு இன்னொரு பாரம் வேண்டாம் என்று நினைத்தாராம். செவிடன் என்று கடையில் கேலி பண்ணுவார்கள் என்று பயமாம். அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஷாம் கார்ல போனோம்லா, அன்னைக்கு நீயும் மதினியும் பின்னால இருந்து என்னத்தையோ பேசிச் சிரிச்சீங்க. நான் முன்னால இருந்தேன். ஏளா, வண்டிக்குள்ள நீ சிரிக்கது எங் காதுல விழுந்து ரெண்டு வருசமாச்சு."

நாலு பக்கக் கணக்கிலும் இந்த ஒரு வரி இல்லை. எல்லாக் காரணமும் எழுதினவர் இதை எழுதவில்லை. நான் வேறு அதற்கு மார்க் போட்டிருக்கிறேன். அவர் சட்டைப் பையில் சிவப்பு மையோடு அந்தத் தாள் இன்னும் கிடக்கிறது. நான் என்ன பொம்பளை?

வண்டி மறுபடி கிளம்பவில்லை. சவம், கிளம்புமா பின்னே? உப்பளத்து ஆட்கள் நாலு பேர் வந்து தள்ளினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவரும் தள்ளினார். வீட்டுக்கு வரும்வரை நான் அவர் வலது காதுப் பக்கம் கத்திக் கத்திப் பேசினேன். ஊர் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

9.9.2025

ஆறு ஐம்பதுக்கு எஞ்சின் ஓட, ஜெபம். முடிந்ததும் அவர் கையைத் தட்டினேன். ஆமென் சரியாக வந்தது.

20.9.2025, சனி

பாளையங்கோட்டையில் காது டாக்டர். இரும்புச் சத்தத்திலேயே கிடந்த காது, போனது வராது, மெஷின் வைத்தால் உதவும், பழக நாளாகும் என்றார். சோதித்துப் பார்க்க ஒன்று கொடுத்தார்.

நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். காரை விட மெஷின் விலை எவ்வளவோ குறைவு, கார்ப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று மனசு ஒரு நிமிசம் கணக்குப் போட்டது. ஆனால் எங்கள் வண்டியில் ஏறினதும் மெஷின் எஞ்சின் சத்தத்தையும் சேர்த்துப் பெரிசாக்கிக் கொடுத்தது. கேடிசி நகர் தாண்டுவதற்குள் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

"எனக்கு இது வேண்டாம் ஈவா. சவத்த விட்டுத் தள்ளு" என்றார்.

நான் எதையும் விட்டுத் தள்ளுகிற ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

28.9.2025, ஞாயிறு

காலாண்டு விடுமுறை. பரீட்சைத் தாள் திருத்துவதை ஓரமாக வைத்துவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்து அந்த நாலு பக்கத்தை நானே எடுத்தேன்.

முதல் தப்பு முதல் வரியிலேயே இருந்தது. ஒரு சார்ஜில் நானூறு கிலோமீட்டர் ஓடுகிற பெரிய பேட்டரியைப் பார்த்திருக்கிறார், பதினான்கு லட்சம் அதனால்தான். நமக்கு எதற்கு நானூறு? வேண்டியது எண்பத்துநாலு, ராத்திரி வீட்டிலே சார்ஜ். சின்ன பேட்டரி வண்டி ஒன்பதரை. ஏசி போட்டு ஓட்டினாலும் நூற்றைம்பதுக்குக் குறையாது என்று ஷாமும் சொல்கிறான். ஏறுகிற கரண்ட் விலையைச் சேர்த்தாலும் வருசத்துக்கு முக்கால் லட்சம் மிஞ்சும். கூடுதலாகப் போடுகிற ஒன்றரை லட்சம் இரண்டு வருசத்தில் வந்துவிடும், நான் ரிட்டயர் ஆவதற்கு முன்பே. பேட்டரியை எட்டு வருசம் கழித்து மாற்ற வேண்டி வந்தால் இந்தக் கணக்கு சாய்ந்துவிடும், அதையும் எழுதி வைத்தேன். வெள்ளத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேட்டில் கொண்டுபோய் விட வேண்டியதுதான்.

டெபாசிட்டில் பாதியை உடைத்தால் போதும். மீதி கிடக்கட்டும்.

தாளை அவரிடம் நீட்டி, ஒரே நிபந்தனை என்றேன். காருக்குள் மட்டுமாவது மெஷின் போட வேண்டும். தாளைக் கடைசி வரி வரை விரல் வைத்து வாசித்தார். எவ்வளவு மார்க் என்று கேட்டார். நூற்றுக்கு நூறு போட மனசு வந்தது. தொண்ணூறு போட்டேன், இல்லாவிட்டால் தலைகால் புரியாது.

29.9.2025

ரம்யாவிடம் முன்பணம் கட்டினோம். பழைய டீசலுக்கு அவர்கள் கொடுத்த விலையைக் கேட்டு இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

11.10.2025

சார்ஜர் மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தார். கார் ஷெட் சுவரில் வெள்ளத் தண்ணீர் நின்ற கோடு இன்னும் பழுப்பாக இருக்கிறது, நாங்கள் சுண்ணாம்பு அடிக்கவில்லை. அதற்கு ஒரு முழம் மேலே பெட்டியை மாட்டச் சொன்னோம். எனக்கே எட்டாதே என்றார் அவர். எட்டவில்லை என்றால் ஸ்டூல் போட்டுக்கொள்கிறோம் என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

24.10.2025

வீட்டில் டிவி சத்தம் குறைந்திருக்கிறது. மெஷினை யாருக்கும் தெரியாமல் வீட்டிலும் போட்டுப் பார்க்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

3.11.2025, திங்கள்

சனிக்கிழமை மாலை கார் வந்தது. நேற்று ஆராதனை முடிந்து குருவானவர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார், ஆகவே நேற்றைய ஆமென் அவர் பொறுப்பு. இன்றுதான் எங்கள் முதல் நாள்.

ஆறு ஐம்பது. பொத்தானை அமுக்கினேன். பழக்கத்தில் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. அவர் வலது காதில் மெஷின் போட்டிருந்தார். கண்ணை மூடி ஆரம்பித்தேன். இத்தனை நாள் எஞ்சினுக்கு மேலே கத்திக் கத்தி ஜெபித்தவளுக்கு, என் குரல் எனக்கே கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. வழக்கமானதையெல்லாம் சொன்னேன். வழி, பிள்ளைகள், அவர் உடம்பு. பிறகு நினைத்தே பார்க்காத ஒன்று வாயில் வந்தது. இந்த மனுசன் மேல் ரெண்டு வருசமாக வீணாகக் கோபப்பட்டதை மன்னியும் ஆண்டவரே என்று முணுமுணுத்தேன். மேலே பேச முடியவில்லை.

பக்கத்தில் சத்தமே இல்லை. கையைக் கியர் பக்கம் கொண்டுபோனேன், அப்போதும் இல்லை. அய்யோ, இதிலும் கேட்கவில்லையா, ஒன்பதரை லட்சமும் தண்ணீரில் போயிற்றா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். கை கூப்பி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருக்கிறார். கன்னம் நனைந்திருந்தது.

"ஏங்க, ஆமென் சொல்லலியா?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நீ இன்னும் இயேசுவின் நாமத்துலன்னு சொல்லலியே, ஈவா. முடிக்காம எப்டி ஆமென் சொல்ல?"

முடித்தேன். சொன்னார்.