பேருக்குத்தான் போர்ட்டபிள்

என்னைச் சீண்டாமல் ஒரு வாய் சோறு இறங்காத என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கருமாதி நல்லபடியாக முடிந்தது. சாம்பாரில் உப்புப் பத்தவில்லை என்று உங்கள் அண்ணன் பந்தியிலேயே சத்தம் போட்டார். தம்பி காரியத்துக்கு வந்த இடத்திலும் குறை சொல்லாவிட்டால் அவர் உங்கள் அண்ணனே இல்லை. நீங்கள் இருந்திருந்தால் நாலு பேருக்கு முன்னால் அவரை வாரியிருப்பீர்கள். நான் வாரினேன், கவலைப்படாதீர்கள்.

இந்தச் சேதியை எப்படியும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவீர்கள். இப்போது முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. சேதி உங்கள் டிவியைப் பற்றியது, அக்காவைப் பற்றியதும்கூட. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்கள் டிவியைத் தெரியாது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது வால்வு காலத்து செட். சிங்கப்பூரில் வேலை பார்த்த பரங்கிப்பேட்டை நண்பர் கப்பலில் கொண்டுவந்தது. தலையில் ஒரு கைப்பிடி, முதுகில் இழுத்து நீட்டுகிற இரண்டு கம்பிகள். போர்ட்டபிள் என்று பெயர். ஆனால் உள்ளே முழுக்க வால்வும் இரும்பும்தான். நெல் மூட்டை தோற்றுப்போகும்.

நீங்கள் அதை வாங்கியபோது சென்னையிலேயே டிவி நிலையம் கிடையாது. அந்த நண்பரே, "இங்க ஸ்டேஷனே இல்ல மச்சான், ஒனக்கு எதுக்கு இது?" என்று கேட்டாராம். "சிலோன் பாட்டு ரேடியோவுல கணீர்னு வருதுல்ல? பாட்டு வர்ற வழியில படம் வராதா?" என்றீர்களாம். கடலுக்கு அந்தப் பக்கமும் அப்போது டிவி நிலையம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியவில்லை. கடலூர்க்காரனைத் தவிர வேறு யாருக்காவது இப்படி ஒரு நம்பிக்கை வருமா, மாமா?

அப்புறம் வருஷக்கணக்கில் தினமும் சாயங்காலம் அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் களைத்து வந்த மனுஷன், சட்டையைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடலூர் முதுநகரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசியில் படம் வந்ததே! மாடியில் சவுக்குக் கம்பத்தில் கட்டிய ஏரியலை அக்கா திருப்ப, கீழேயிருந்து நீங்கள் "இன்னும் தெக்கால, இன்னும் தெக்கால" என்று கத்த, இலங்கையிலிருந்து ஒருவர் வந்து சிங்களத்தில் செய்தி வாசித்தார். தெருவே திரண்டு பார்த்தது. ஒருவருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை. நீங்கள் மட்டும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அர்த்தம் சொன்னீர்கள். "நாளைக்கு மழையாம்." மறுநாள் நிஜமாகவே மழை பெய்துவிட்டது. அதற்கப்புறம் உங்களைப் பிடிக்க முடிந்ததா?

படம் பார்க்கத் தெருவே உள்ளே வந்தது. மாடியில் நின்ற அக்கா மட்டும் படம் முடியும்வரை கீழே இறங்கவில்லை. அவள் கையை எடுத்தால் ஏரியல் திரும்பிவிடுமாம்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். நீங்கள் போன அன்று யாரோ உங்கள் பழைய வேட்டியைப் போட்டு அந்த செட்டை மூடினார்கள். துக்க வீடு இல்லையா. சுவரில் மாட்டிய பெரிய டிவியையும் யாரும் போடவில்லை. கருமாதி முடிந்த கையோடு உங்கள் மகன் செந்தில் பேச்சை எடுத்தான். கடலூர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறானாம். அவன் பிளாட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். பாசத்தில்தான் சொன்னான். ஆனால் எனக்கு சுர்ரென்று ஏறியது.

"அவ இன்னா சூட்கேசாடா, தூக்கி டிக்கியில போட்டுகினு போறதுக்கு?"

"சித்தி, நீ சிதம்பரத்துல இருந்துகினு பேசுற. திடீர்னு ஒடம்புக்கு ஒண்ணு வந்தா பக்கத்துல யாரு இருக்கா? நீ சொல்லு."

நான் என்ன சொல்வது? கேள்வி நியாயமானதுதான். வாயடைத்துப்போனேன். நான் வாயடைத்து நீங்கள் பார்த்ததே இல்லை, அதையும் தவறவிட்டுவிட்டீர்கள்.

அக்காவைக் கேட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களிடம் எதைச் சொன்னாளோ, அதையே அவனிடமும் சொன்னாள். "நீங்க பாத்துச் செய்ங்க." அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு துணிமணிகளைக் கட்டச் சொன்னான். அவளும் கட்டினாள். அடுப்படியில் என்னிடம் மெதுவாக, "ஏண்டி அமுதா, அங்க வாசல்ல கோலம் போட எடம் இருக்குமா?" என்று கேட்டாள். நான்காவது மாடியில் ஏது வாசல்?

மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. பைகள் ஏறின. அம்மாவின் முகம் வாடியிருப்பதைப் பார்த்த செந்தில், சந்தோஷப்படட்டும் என்று, "அப்பா டிவியையும் எடுத்துக்கலாம்மா. போர்ட்டபிள்தான!" என்றான். வேட்டியை உருவினான். கைப்பிடியைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினான்.

கைப்பிடி ஒரு பக்கம் கழன்றது. செட் சாய்ந்தது. பிள்ளை அதை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளாடினான்.

"அய்யய்யோ! கைப்பிடிய நம்பாதடா! அடியில கை குடுடா!"

யார் குரல் என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா! நீங்கள் போனதிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடிவந்து மறுபக்கம் கை கொடுத்தாள். இரண்டு பேரும் மெதுவாக அதை ஸ்டூலில் இறக்கினார்கள்.

"ஒங்கப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சித்தான் தூக்குவோம். இது பேருக்குத்தான் போர்ட்டபிள்." மூச்சு வாங்கியது அவளுக்கு. செட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "இது எங்கியும் வராது. நானும் வர்ல."

"நீதானம்மா பாத்துச் செய்ங்கன்னு சொன்ன?"

"ஒங்கப்பாகிட்ட சொல்லிச் சொல்லிப் பழகுன வாயிடா அது. வாய் சொல்லிச்சி. நான் சொல்லல."

மாமா, இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் உங்கள் மேல் கோபமும் வந்தது. இப்படி ஒரு குரலை இத்தனை காலம் எங்கே வைத்திருந்தாள்? என்ன வேணும் வசந்தா என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? ஏரியலைத் திருப்பச் சொன்னீர்கள், திருப்பினாள்.

செந்திலின் கேள்விக்கும் அவளே பதில் வைத்திருந்தாள். மாடி அறையை அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் பெண்ணுக்கு வாடகைக்கு விடப்போகிறாளாம். அந்தப் பெண் போன மாதமே கேட்டிருக்கிறாள், இவள் யாரிடமும் சொல்லவில்லை. "ஒடம்புக்கு வந்தா அவ பாப்பா. ஒனக்கு மனசு கேக்கலன்னா மாசம் ஒருக்கா வந்து என்னப் பாத்துட்டுப் போ." செந்தில் என்னைப் பார்த்தான். நான் காரிலிருந்து பைகளை இறக்கப் போய்விட்டேன்.

பைகளோடு உள்ளே வந்தால், அவள் உங்கள் செட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் யாரையும் தொடவிடாத குமிழைத் திருகினாள். வால்வு சூடாகிற வரை காத்திருந்தாள். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினாள். புள்ளிகள் கொதிக்க ஆரம்பித்தன. ஏரியலுக்கு வந்துகொண்டிருந்த ஒளிபரப்பு நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது, வேறென்ன தெரியும்?

உங்கள் அண்ணன் சும்மா இருப்பாரா? "கருமாதி முடிஞ்சா போதுமா? வருசம் திரும்புற வரிக்கும் இது துக்க வூடு. அதுக்குள்ள இன்னா டிவி?"

"படம் ஓடுனாத்தான் அது டிவி, பெரிய மாமா. இது வெறும் வெளிச்சம்" என்றாள் அக்கா.

காபி வருகிற வரைக்கும் அவரும் உட்கார்ந்து அதையே பார்த்தார்.

அக்கா தைரியமாக இருக்கிறாள், மாமா. நர்ஸ் பெண் குடிவந்துவிட்டாள். காலையில் வாசலில் கோலம் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொத்சு செய்து எடுத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிவிடுகிறேன். காரம் ஜாஸ்தி என்கிறாள். முன்பெல்லாம் எதைப் போட்டாலும் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளைத் தனியாக விடமாட்டேன். அவள் சார்பில் யாரும் முடிவெடுக்கவும் விடமாட்டேன், நான் உட்பட. எதுவானாலும் முதலில் அவளைக் கேட்பேன். பழக்க தோஷத்தில் அவள் வாய் எதையாவது சொல்லிவைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்பேன்.

என்றும் உங்களுக்கு அடங்காத கொழுந்தியாள்,
அமுதா
சிதம்பரம்